சீசர் குண்டா, ஒல்லியா: ‘தெரெஸ்’ என்ற லத்தீன் சொல் என்னதான் சொல்கிறது?

கேள்வி இதுதான். ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதிய ஜூலியஸ் சீசர் வாழ்க்கை வரலாற்றில், 45ஆம் அத்தியாயத்தில், சீசரின் உடம்பைப் பற்றி ஒரு வரி வருகிறது. உயரமானவர், வெளுத்த நிறம், அப்புறம் ‘தெரெதிபுஸ் மெம்ப்ரிஸ்’. இந்த இரண்டு சொற்களை அலெக்சாண்டர் தாம்சனின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு ‘உருண்ட கை கால்கள்’ என்கிறது, மூலத்தையும் ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் தருகிற லோப் நூல் வரிசையில் ரோல்ஃப் ‘வடிவான கை கால்கள்’ என்கிறார், ராபர்ட் கிரேவ்ஸ் ‘நல்ல உடற்கட்டு’ என்று முடித்துக்கொள்கிறார். அகராதியைத் திறந்தால் உருண்டையான, வழவழப்பான, நேர்த்தியான என்று மூன்று பொருள் வரிசையாக நிற்கிறது. அப்படியென்றால் சீசர் குண்டா, ஒல்லியா? தோள்பட்டையில் இருக்கிற டெரிஸ் மேஜர் என்ற தசைக்கும் இந்தச் சொல்லுக்கும் சம்பந்தம் உண்டா?

சம்பந்தம் உண்டு, அதே சொல்தான். சீசர் குண்டு இல்லை. அவசரக்காரர்கள் இத்தோடு கிளம்பிவிடலாம். மற்றவர்களுக்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தச் சொல்லை ஒருமுறை சரியாகப் பிடித்துக்கொண்டால் ரோமானியர்கள் உடம்பை எப்படிப் பார்த்தார்கள் என்பதே பாதி புரிந்துவிடும்.

முதலில் இலக்கணம், சுருக்கமாக. எழுவாயாக வரும்போது ஆண்பால், பெண்பால், அஃறிணைப்பால் மூன்றுக்கும் ‘தெரெஸ்’ என்ற ஒரே வடிவம்தான். வேற்றுமை ஏறும்போது அடிச்சொல் ‘தெரெத்’ என்று வெளியே வரும்: தெரெதிஸ், தெரெதி, தெரெதேஸ், தெரெதிபுஸ். இரண்டு எகரமும் குறில். ஆங்கில வழியில் படித்த மருத்துவர்கள் வேறு மாதிரி உச்சரிப்பார்கள், அதைத் திருத்தப் போக வேண்டாம்.

இப்போது பொருள். ஃபெஸ்டுஸ் என்ற பழைய ரோமானிய அகராதிக்காரர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்: தெரெஸ் என்பது நீளவாக்கில் உருண்டது, இயற்கை தருகிற கழிகளைப் போல. இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்த நவீன அகராதியிலும் பார்க்கவில்லை. பந்து உருண்டை, அதற்கு லத்தீனில் வேறு சொல் இருக்கிறது, ‘ரொதுந்துஸ்’. கழி, தண்டு, கயிறு, விரல், கழுத்து, கெண்டைக்கால் இவையெல்லாம் தெரெஸ். குறுக்கே வெட்டினால் வட்டம் தெரிய வேண்டும், நீளமாக இருக்க வேண்டும், மேலே தடவினால் முண்டும் முடிச்சும் கையில் தட்டக் கூடாது. நுனியை நோக்கிக் கொஞ்சம் ஒடுங்கிக்கொண்டே போனாலும் பரவாயில்லை. எடை இந்தக் கணக்கிலேயே இல்லை. தென்னை மரமும் தெரெஸ்தான், ஊதுபத்திக் குச்சியும் தெரெஸ்தான்.

இந்தச் சொல் ‘தெரோ’ என்ற வினையோடு உறவு உடையது. தெரோ என்றால் தேய்ப்பது, உரசுவது. தேய்த்துத் தேய்த்து மூலை முடுக்கு எல்லாம் போய் உருண்டுபோன பொருள் தெரெஸ். தமிழில் இதற்கு நேராக நிற்பது ‘கடைந்தெடுத்த’ என்பதுதான், கடைசல் பட்டறையில் சுற்றவிட்டு உளியை வைத்து எடுத்த வேலை. பாவம், அந்தச் சொல்லை நாம் ‘கடைந்தெடுத்த அயோக்கியன்’ என்று சொல்லிச் சொல்லியே கெடுத்து வைத்திருக்கிறோம், இப்போது யாருடைய கைகளையாவது கடைந்தெடுத்த கைகள் என்று புகழ்ந்தால் அவர் ஒரு நொடி யோசிப்பார்.

சீசரே இந்தச் சொல்லைக் கையாண்டிருக்கிறார் என்பதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த சங்கதி. கி.மு. 52இல், இன்றைய பிரான்ஸில் இருந்த அலேசியா என்ற கோட்டை நகரை முற்றுகையிட்டபோது எதிரி இரவில் பாய்ந்து வராமல் இருக்க வெளியே வரிசை வரிசையாகக் குழி வெட்டச் சொன்னார். மூன்று அடி ஆழம், கீழே போகப் போகக் குறுகும். ஒவ்வொரு குழியிலும் ஒரு முளை. அந்த முளைக்கு அவர் கொடுக்கிற வர்ணனை: தெரெஸ், தொடை அளவு பருமன், நுனி கூராகச் சீவி நெருப்பில் சுட்டு இறுக்கியது. நான்கு விரற்கடைதான் மண்ணுக்கு மேலே தெரியும், அதையும் மெல்லிய கொப்பும் சுள்ளியும் போட்டு மூடிவிடுவார்கள். அந்தக் குழிக்குச் சிப்பாய்கள் வைத்த பெயர் லில்லி, பூவின் வடிவத்தில் இருந்ததால். இங்கே கவனிக்க வேண்டியது, தெரெஸ் என்று சொன்ன பிறகும் பருமன் எவ்வளவு என்பதைத் தனியாகத் தொடையை வைத்து அளந்து சொல்ல வேண்டியிருக்கிறது. தெரெஸ் என்பதற்குள்ளேயே பருமன் இருந்திருந்தால், சொற்களை இவ்வளவு சிக்கனமாகச் செலவழிக்கிற சீசர் அதைத் தனியாகச் சொல்லியிருக்க மாட்டார்.

ரோமானியக் கவிஞர்களிடம் பொருட்களுக்கு இந்தச் சொல் வருகிற இடங்களைத் திரட்டினால் ஒரு சாமான் பட்டியலே தேறும். வெர்ஜிலின் எட்டாவது இடையர் பாட்டில் தாமோன் என்ற இடையன் சாய்ந்து நிற்கிற ஒலிவக் கம்பு, ஈனியஸ் காவியத்தில் ஒட்டுண்ணிச் செடி சுற்றிப் படர்கிற அடிமரம், கமில்லாள் என்ற பெண் தலைக்கு மேல் சுழற்றுகிற கவணின் வார், ஹொரேஸ் பாட்டில் காட்டுப்பன்றி அறுத்துக்கொண்டு ஓடுகிற வலையின் கயிறு. கயிறு எப்படி தெரெஸ்? நன்றாக முறுக்கினால் உருண்டு நிற்கும், பிரியும் பிசிறும் வெளியே தெரியாது. லுக்ரேஷியஸ் இன்னும் ஒரு படி மேலே போய், கோடையில் சிள்வண்டு கழற்றிப் போட்டுவிட்டுப் போகிற சட்டைக்கும் இதே சொல்லைப் போடுகிறார். மரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தக் காய்ந்த கூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும்.

சரி, உடம்புக்கு வருவோம். எந்த உறுப்புகளுக்கு வருகிறது என்று பார்த்தாலே போதும். ஓவிட் தன் காதல் கலை நூலில் ஆண்களுக்கு யோசனை சொல்கிறார்: அவள் முகத்தையும் கூந்தலையும் தெரெஸ் விரல்களையும் சின்னப் பாதத்தையும் புகழத் தயங்காதே. கட்டுல்லுஸின் கல்யாணப் பாட்டில், மணமகளைக் கைப்பிடித்து அழைத்து வந்த சிறுவனிடம், அந்தச் சின்னஞ்சிறு தெரெஸ் கையை இனி விடு என்கிறார்கள். ஹொரேஸ் ஒரு பாட்டில், நண்பன் காதலிக்கிற அடிமைப் பெண் ஃபில்லிஸின் கைகளையும் முகத்தையும் தெரெஸ் கெண்டைக்கால்களையும் புகழ்ந்துவிட்டு, என் மனசில் ஒன்றும் இல்லை, எனக்கு நாற்பது ஆகப்போகிறது, என்னைச் சந்தேகப்படாதே என்று சமாளிக்கிறார். அந்தச் சமாளிப்பு எடுபட்டதா என்பதை அவரவர் முடிவுக்கு விட்டுவிடுகிறேன்.

இந்த இடங்களை மட்டும் பார்த்தால் பெண்களுக்கான நளினமான சொல் என்று தோன்றும். ஆனால் கழுத்தைப் பாருங்கள். லுக்ரேஷியஸ் தன் நூலின் தொடக்கத்தில், போர்க் கடவுள் மார்ஸ் வீனஸின் மடியில் தலை வைத்து, கழுத்தைப் பின்னால் சாய்த்து அண்ணாந்து பார்ப்பதாக எழுதுகிறார். அந்தக் கழுத்து தெரெஸ். வெர்ஜில் இந்தச் சொற்றொடரை அப்படியே எடுத்து, ஈனியஸின் கேடயத்தில் செதுக்கப்பட்ட பெண் ஓநாய்க்குக் கொடுக்கிறார். ரோமை நிறுவியதாகக் கதை சொல்கிற இரட்டைப் பிள்ளைகள் ரோமுலுஸும் ரெமுஸும் பால் குடிக்க, அது தன் தெரெஸ் கழுத்தைத் திருப்பி ஒவ்வொரு பிள்ளையாக நக்கிக் கொடுக்கிறது. போர்க் கடவுளின் கழுத்தும் ஓநாயின் கழுத்தும் மெல்லிய பூங்கழுத்தாக இருக்க முடியாது. அங்கே தசை இருக்கிறது, ஆனால் முறுக்கிய கயிறுபோல ஒரே திரட்சியாக இருக்கிறது. ஆக மெலிவு, பருமன், பெண்மை, ஆண்மை எல்லாவற்றுக்கும் இந்தச் சொல் பொது. புடைப்பில்லாத, ஒரே சீராக ஓடுகிற உருட்சி, அவ்வளவுதான் கேட்கிறது.

ஹொரேஸின் இன்னொரு வரியால்தான் குழப்பம் பெருகியது என்று நினைக்கிறேன். அவருடைய அங்கதப் பாடல்களில் இரண்டாம் புத்தகத்தின் ஏழாவது பாட்டு. சனிக்கடவுள் திருவிழா நாளில் அடிமைகளுக்கு வாய்ச் சுதந்திரம் உண்டு, அதைப் பயன்படுத்திக்கொண்டு தாவுஸ் என்ற அடிமை எஜமானனுக்கே பாடம் எடுக்கிறான். உண்மையில் சுதந்திரமானவன் யார்? ஞானி. அவன் தனக்குள்ளேயே முழுமையானவன், ‘தெரெஸ் அத்க்வெ ரொதுந்துஸ்’, வழவழவென்று உருண்டவன், வெளியிலிருந்து வருகிற எதுவும் அவன் மேல் ஒட்ட முடியாது. இந்தத் தொடர் பிரபலமாகி, நானூறு வருடம் கழித்து ஔசோனியுஸ் என்ற கவிஞர் நல்ல மனிதனைப் பற்றி எழுதும்போது அப்படியே தூக்கி வைத்துக்கொண்டார். இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் இரண்டும் ஒன்று என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்றாக இருந்தால் இரண்டைச் சொல்வானேன்? ரொதுந்துஸ் கோள வடிவத்தைச் சொல்கிறது, தெரெஸ் அதன் மேற்பரப்பில் பிடிமானம் இல்லாத தேய்ந்த வழுவழுப்பைச் சொல்கிறது. இங்கே தெரெஸ் தன் நீளத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் அது தத்துவப் பேச்சு, உடம்பு வர்ணனைக்கு அதை அளவுகோலாக எடுக்கக் கூடாது.

இனி சூட்டோனியஸ். இவர் கி.பி. 120ஐ ஒட்டி எழுதியவர், சீசர் செத்து நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அதனால்தான் ‘இருந்ததாகச் சொல்கிறார்கள்’ என்று போட்டுக்கொண்டு எழுதுகிறார். ஜூலியஸ் சீசருக்கும் அவருக்குப் பின் வந்த பதினொரு பேரரசர்களுக்கும் உடம்பு வர்ணனை கொடுப்பது இவருடைய வழக்கம், ஒவ்வொருவருக்கும் சொல்லை எண்ணிப் பார்த்துத்தான் போடுவார். குண்டு என்று சொல்ல வேண்டிய இடத்தில் இவர் கூச்சப்படுவதே இல்லை. நீரோவுக்குக் கழுத்து ‘ஒபேஸா’, அதாவது கொழுத்தது, வயிறு முன்னால் தள்ளியது, கால்கள் மிக மெல்லியவை. விதெல்லியுஸுக்கு வயிறு கொழுத்தது. டொமிஷியனுக்கு வழுக்கை, தொந்தி, குச்சிக் கால். மெலிவுக்கு அவரிடம் ‘கிராகிலிஸ்’ இருக்கிறது, கலிகுலாவின் கழுத்தும் காலும் ஒரேயடியாக மெலிந்தவை. இப்படிக் கொழுப்புக்கும் மெலிவுக்கும் தனித்தனிச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு, சீசருக்கு இரண்டையும் எடுக்காமல் தெரெஸை எடுத்திருக்கிறார் என்றால் அது யோசித்துச் செய்த தேர்வு.

இன்னொரு சொல்லையும் இங்கே அறிமுகப்படுத்த வேண்டும், ‘க்வாத்ராதுஸ்’, சதுரம். வெஸ்பாசியனுக்கு இது. சதுரக்கட்டு, இறுகிய உறுதியான அவயவங்கள், முகம் மட்டும் எப்போதும் முக்கிக்கொண்டிருப்பவர் முகம்போல. இவரிடம் ஒரு நையாண்டிக்காரன் வந்தபோது, என்னைப் பற்றியும் ஏதாவது ஜோக் சொல் என்றாராம். நீங்கள் காலைக்கடனை முடித்துவிட்டு வாருங்கள், சொல்கிறேன் என்றானாம். நம் விஷயம் சதுரம். மருத்துவ நூல் எழுதிய கெல்சுஸ், எல்லாவற்றிலும் சிறந்த உடம்பு சதுர உடம்புதான், மெலிந்ததும் வேண்டாம் கொழுத்ததும் வேண்டாம் என்கிறார். ஆக நல்ல உடம்பு என்பதற்கே ரோமானியர்களிடம் இரண்டு வார்ப்பு இருந்தது. ஒன்று தோளும் மார்பும் அகன்று மூலை தெரிய நிற்கிற க்வாத்ராதுஸ், விவசாயி உடம்பு, சிப்பாய் உடம்பு. மற்றது மூலையே தெரியாமல் வழிகிற தெரெஸ். வெஸ்பாசியன் இத்தாலிய நாட்டுப்புறத்து சாபைன் குடும்பத்தில் பிறந்தவர், சீசர் ரோமின் ஆகப் பழைய பிரபுக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். சூட்டோனியஸ் கைக்கு இந்த இரண்டு சொற்கள் இப்படி வந்தது தற்செயலா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

என்னுடைய வாசிப்பு இன்னும் கொஞ்சம் தூரம் போகிறது, ஏற்பதும் தள்ளுவதும் உங்கள் இஷ்டம். தெரெஸ் என்ற சொல் வந்த அதே அத்தியாயத்தில் சூட்டோனியஸ் அடுத்து என்ன சொல்கிறார் என்று படியுங்கள். சீசர் உடம்பைப் பேணுவதில் ரொம்பவே அக்கறைக்காரர், முடியும் தாடியும் ஒழுங்காக எடுத்துக்கொள்வதோடு நிற்காமல் உடம்பு முடியைப் பிடுங்கிக்கொள்வார் என்று சிலர் குறை சொன்னார்கள், வழுக்கை அவருக்குப் பெரிய மனக்குறை, உச்சியிலிருந்து முடியை முன்னால் வாரிவிட்டுக்கொள்வார், செனட் கொடுத்த மரியாதைகளிலேயே எந்நேரமும் வாகை இலை மாலை சூடிக்கொள்ளும் உரிமைதான் அவருக்கு மிகவும் பிடித்தது. மணிக்கட்டு வரை நீண்ட, குஞ்சம் வைத்த கையோடு சட்டை போடுவார், இடுப்புக் கச்சையைத் தளர்த்திக் கட்டுவார். அரைக்கச்சை சரியாகக் கட்டாத அந்தப் பையனிடம் ஜாக்கிரதையாக இருங்கள் என்று அன்றைய சர்வாதிகாரி சுல்லா எச்சரித்தது அதனால்தான் என்கிறார். இவ்வளவையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், பெண்களின் விரலுக்கும் கெண்டைக்காலுக்கும் கவிஞர்கள் போடுகிற ஒரு சொல்லை ஐம்பது வயதுத் தளபதிக்குப் போட்டதில் ஒரு லேசான கண்சிமிட்டல் இருக்கிறது. திட்டு இல்லை, புகழ்ச்சிதான், ஆனால் வெஸ்பாசியனுக்குச் சொல்லியிருக்க முடியாத புகழ்ச்சி.

ப்ளூடார்க் இதற்கு முரணாகச் சொல்கிறாரே என்று யாராவது கேட்பார்கள். கிரேக்கத்தில் எழுதிய ப்ளூடார்க், சீசர் மெலிந்த உடல்வாகு, வெளுத்த மென்மையான தோல், தலைவலியும் வலிப்பும் உண்டு என்று எழுதியிருக்கிறார். முரணே இல்லை. மெலிந்தவருக்கும் எலும்பு துருத்தாமல், நரம்பு புடைக்காமல், கை கால் உருண்டு நிற்கலாம். நடனக்காரர்களைப் பார்த்தால் தெரியும். கி.மு. 44இல், அவர் உயிரோடு இருக்கும்போதே அவர் முகம் பொறித்து அடித்த வெள்ளி நாணயங்களிலும் நீளமான, சுருக்கம் விழுந்த கழுத்துதான் இருக்கிறது, கொழுப்பு எங்கும் இல்லை. தாம்சனின் ‘உருண்ட கை கால்கள்’ அகராதிப்படி தவறில்லை, ஆனால் இன்று படிப்பவருக்குப் புஷ்டியான பிள்ளையைத்தான் நினைவூட்டும், அதனால் மூன்றில் அதுவே மோசம். ரோல்ஃபின் ‘வடிவான’ தேவலை. கிரேவ்ஸின் ‘நல்ல உடற்கட்டு’ எந்த மனிதருக்கும் பொருந்தும், அதனால் எதையும் சொல்வதில்லை.

தமிழில் எப்படிச் சொல்வது என்றால் எனக்கு முதலில் வருகிற சொல் ‘வாளிப்பான’. வடிவு, வழவழப்பு, செழுமை மூன்றும் அதில் இருக்கிறது, எடை இல்லை. பெரும்பாலும் இளம்பெண்களுக்குச் சொல்வதால் சீசருக்குப் போட்டால் லேசாக இடறும், மூலத்திலும் அப்படித்தான் இடறியிருக்கும் என்று நினைப்பதால் எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. கெண்டைக்காலுக்கும் கழுத்துக்கும் ‘திரண்ட’ நன்றாக இருக்கும். ‘உருண்டு திரண்ட’ என்று இரண்டையும் சேர்த்தால் உடனே பருமன் வந்துவிடுகிறது, அதைத் தவிர்க்கலாம். அலேசியா முளைக்கு ‘உருளையான’ போதும்.

இனி தோள்பட்டை. உடற்கூறியலுக்குப் பெயர் வைத்தவர்கள் லத்தீன் நன்றாகத் தெரிந்தவர்கள், ஃபெஸ்டுஸ் சொன்ன வித்தியாசத்தைப் பிசகாமல் காப்பாற்றியிருக்கிறார்கள். நீளமாக, கயிறுபோல இருப்பதெல்லாம் தெரெஸ். கல்லீரலிலிருந்து தொப்புளுக்கு ஓடுகிற லிகமெண்டம் டெரிஸ், கருவில் இருக்கும்போது நஞ்சுக்கொடியிலிருந்து ரத்தம் கொண்டுவந்த தொப்புள் சிரை பிறந்த பிறகு வற்றி நாராகிப்போனது. கருப்பையிலிருந்து இரண்டு பக்கமும் போகிற இணைநாருக்கும் அதே பெயர். ஆனால் கபாலத்தின் அடியில் ஆப்பெலும்பில், மேல்தாடை நரம்பு வெளியேறுகிற ஓட்டைக்குப் பெயர் ஃபொராமென் ரொடண்டம், டெரிஸ் இல்லை, ஏனென்றால் ஓட்டைக்கு ஏது நீளம். தோள்பட்டை எலும்பின் வெளி ஓரத்திலிருந்து மேற்கை எலும்புக்குப் போகிற இரண்டு தசைகள்தான் டெரிஸ் மேஜரும் டெரிஸ் மைனரும். மைனர், தோள்மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கிற நான்கு தசைகளில் ஒன்று, குறுகலாக நீண்டு பெயருக்கேற்ற மாதிரி இருக்கிறது. மேஜர் உண்மையில் கொஞ்சம் தட்டையானது, ஆனாலும் அந்தப் பெயரை வாங்கிவிட்டது.

முன்கையில் இதைவிட அழகான ஜோடி இருக்கிறது. உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்புகிற வேலையை இரண்டு தசைகள் செய்கின்றன. முழங்கைக்குக் கீழே சாய்வாக ஓடுவது ப்ரோனேட்டர் டெரிஸ், மணிக்கட்டுக்கு மேலே சதுரத் துண்டாகக் கிடப்பது ப்ரோனேட்டர் குவாட்ரேட்டஸ். சீசரும் வெஸ்பாசியனும் ஒரே கையில். வலது கையால் சாவியை இடப்பக்கமாகத் திருகும்போதெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்து வேலை பார்க்கிறார்கள்.

புழுக்களுக்கும் இதே கதைதான். குடலில் இருக்கும் புழுக்களில் தட்டையானவை மோசம் என்கிற கெல்சுஸ், அவற்றை ‘லாதி’ என்றும் மற்றவற்றை ‘தெரெதேஸ்’ என்றும் பிரிக்கிறார், அதாவது நாடாப்புழுவும் நாக்குப்பூச்சியும். 1683இல் எட்வர்ட் டைசன் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் நாக்குப்பூச்சியை அறுத்துப் பார்த்து எழுதியபோதும் ‘லும்ப்ரிகுஸ் தெரெஸ்’ என்ற பெயரைத்தான் வைத்துக்கொண்டார். இங்கே ஒரு பொறி இருக்கிறது: மண்புழு இனம் ஒன்றின் அறிவியல் பெயர் லும்ப்ரிகுஸ் தெர்ரெஸ்த்ரிஸ். அது ‘தெர்ரா’, மண், அதிலிருந்து வந்தது. மண்புழுவும் தெரெஸ்தான் என்றாலும் இரண்டு சொல்லுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

தாவரவியலில் இந்தச் சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது. தண்டை வர்ணிக்கும்போது குறுக்குவெட்டு வட்டமாக இருந்தால் தெரெஸ், பாதி வட்டமாக இருந்தால் செமிதெரெஸ். துளசித் தண்டை விரலில் உருட்டிப் பாருங்கள், நான்கு மூலை தட்டும், கோரைத் தண்டில் மூன்று, அவை இரண்டும் தெரெஸ் இல்லை. சிங்கப்பூர் 1981இல் தேசிய மலராக்கிய வாண்டா மிஸ் ஜோவாக்கிம் என்ற ஆர்க்கிட் கலப்பினத்தின் பெற்றோரில் ஒன்று வாண்டா தெரெஸ், இப்போது பாப்பிலியோனாந்தே தெரெஸ் என்கிறார்கள். பூவைப் பார்த்து வைத்த பெயர் என்று நினைக்க வேண்டாம், அதன் இலை பென்சில் மாதிரி இருக்கும். நம் ஊர்ச் சமவெளிகளில் காகிதக் கூழுக்காக நட்டுத் தள்ளிய தைல மரத்தின் பெயர் யூகலிப்டஸ் தெரெதிகோர்னிஸ், ‘கோர்னு’ என்றால் கொம்பு. மொட்டின் மேல் மூடியிருக்கிற தொப்பி உருண்டு நீண்ட கொம்புபோல இருப்பதால் 1795இல் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் அப்படிப் பெயரிட்டார். நீலகிரியில் இருப்பது வேறு இனம், யூகலிப்டஸ் குளோபுலுஸ், சின்ன உருண்டை. மலையில் பந்து, சமவெளியில் கழி.

ஒரே ஓர் உறுப்புக்குத்தான் இந்த விளக்கம் செல்லாது, காது. ரோமானியப் பேச்சாளர் சிசரோ ‘ஓராட்டர்’ என்ற நூலில் ஏதென்ஸ்காரர்களின் காதுகள் ‘தெரெதேஸ்’ என்கிறார். காது மடல் உருண்டிருந்தது என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். சொரசொரப்பான வாக்கியம் எதுவும் அந்தக் காதுக்குள் நுழைய முடியாது, அவ்வளவு தேர்ந்த ரசனை என்கிறார். நல்ல பேச்சு நடை நிறைவாக இருந்தாலும் தெரெஸாக இருக்க வேண்டும் என்று வேறோர் இடத்திலும் சொல்கிறார், ஊதிப்போகாமல் இழைத்து எடுத்த நடை. அகராதியில் வருகிற ‘நேர்த்தியான’ என்ற பொருள் இங்கிருந்து வந்தது, அதை எடுத்து சீசரின் கால்களுக்கு ஒட்டினால்தான் தகராறு.

ஒன்று மட்டும் பாக்கி. அந்த வாக்கியத்தில் உண்மையில் தொல்லை தருகிற சொல் தெரெஸே இல்லை, அடுத்து வருகிற ‘ஓரே பௌலோ ப்ளேனியோரே’. ‘ஓஸ்’ என்றால் முகம், அதே சொல்லுக்கு வாய் என்றும் பொருள். முகம் சற்று நிறைந்தது என்று எடுத்தால் கன்னம் ஒட்டிய அந்த நாணய முகத்தோடு இடிக்கிறது. வாய் சற்றுப் பெரியது என்று எடுத்தால் இடிக்காது. மொழிபெயர்ப்பாளர்கள் பெரும்பாலும் முகம் என்றே போடுகிறார்கள், நான் வாய் கட்சி.